எட்டுக் கால் குதிரை

என் பேரனுக்கு எட்டு வயது. அவன் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் இன்னொரு ஜன்மம் எடுத்து, முதல் வகுப்பிலிருந்து மறுபடியும் படித்துக்கொண்டு வர வேண்டும். "கடல் ஏன் உப்பாயிருக்கு?", "பல்லிக்கு ஏன் வால் முளைக்கிறது?" என்றெல்லாம் கேட்பான். நானும் ஏதோ சமாளித்து வைப்பேன். ஆனால் போன கோடை விடுமுறையில் ஒரு நாள் சாயங்காலம் அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் சமாளிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அதற்கான பதிலைச் சுமார் எழுபது வருஷமாக மடியில் முடிந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

டெலிவிஷனில் 'அவதார்' என்ற ஆங்கிலப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் கேமரான் எடுத்து 2009-ல் வெளிவந்த படம். பண்டோரா என்று எங்கேயோ ஒரு லோகம். அங்கே நீல நிறத்தில் மனிதர்கள். அவர்கள் ஏறிப் போகிற குதிரைக்கு ஆறு கால்! என் பேரன் கண்ணைக் கொட்டாமல் பார்த்துவிட்டு, "பாட்டி, ஆறு கால் குதிரை நிஜமா இருந்தா, நம்ம குதிரையைவிட வேகமா ஓடுமா?" என்றான்.

சமையலறையிலிருந்து என் பெண் குரல் கொடுத்தாள்: "பாட்டிக்கு இதெல்லாம் என்னடா தெரியும்? அப்பா வந்ததும் கேளு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆறு கால் என்னடி பிரமாதம்? எட்டுக் கால் குதிரையையே எனக்குத் தெரியும்!" என்றேன்.

கரண்டியும் கையுமாக அவள் வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். பேரன் மட்டும் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

★

அந்த எட்டுக் கால் குதிரையை எனக்கு அறிமுகம் செய்து வைத்தவர் என் அண்ணா. அப்போது நாங்கள் கும்பகோணத்தில் இருந்தோம். 1956-ம் வருஷம். எனக்கும் எட்டு வயது; அண்ணாவுக்குப் பதினான்கு. சென்னையில் மாமா வீட்டுக்குப் போனவர், மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையிலிருந்து அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் நாவல் வாங்கி வந்திருந்தார். எட்கார் ரைஸ் பரோஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. 1912-ல் ஒரு பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, 1917-ல் புத்தகமான கதை. பெயர், 'செவ்வாயின் இளவரசி'.

ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அண்ணா அந்தக் கதையைத் தமிழில் சொல்லுவார். ஜான் கார்ட்டர் என்ற அமெரிக்க வீரன் எப்படியோ செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான். அங்கே நான்கு கைகளுடன் பச்சை நிற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாகனத்துக்குத் 'தோட்' என்று பெயர். தோளுயரமே பத்து அடி. உடம்பில் ரோமமே கிடையாது. சிலேட்டு நிறத்தில் பளபளவென்று வழுக்கலாக இருக்கும். வயிறு வெள்ளை; பாதத்துக்குப் போகப் போகக் கால்கள் மஞ்சள். வால் நுனியில்தான் அகலம். ஓடும்போது அதை நேராகப் பின்னால் நீட்டிக்கொள்ளும். வாயைத் திறந்தால் மூக்கிலிருந்து கழுத்து வரைக்கும் பிளந்துகொள்ளும். பக்கத்துக்கு நாலு நாலாக எட்டுக் கால்கள்!

"விழவே விழாதா அண்ணா?" என்று கேட்டேன்.

"எட்டுக் கால் இருக்கிறபோது எப்படி விழும்?" என்றார் அண்ணா.

மறுநாள் காலையில் முதல் வேலையாக இந்தச் செய்தியை எங்கள் தெருமுனை வண்டிப்பேட்டைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஜட்கா வைத்திருந்த பாய் எனக்குச் சிநேகம். அவருடைய குதிரை செவலை நிறத்தில் ஒரு மட்டக் குதிரை. நெற்றியில் காலணா அளவுக்கு வெள்ளைப் பொட்டு. குதிரைகளைப் பற்றி உலகத்தில் யாருக்கு எது தெரிந்தாலும் அது பாய்க்கும் தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

பாய் குதிரைக்குக் கொள்ளுப் பை கட்டிக்கொண்டே நிதானமாகக் கேட்டார். "எட்டுக் காலுன்னா எட்டு லாடம் அடிக்கணும் பாப்பா. நமக்குக் கட்டுப்படி ஆகாது" என்றார்.

ஓடிப் போய் அண்ணாவிடம் கேட்டு வந்தேன். "அதுக்கு நகமே கிடையாதாம் பாய். பாதம் மெத்துமெத்துன்னு இருக்குமாம். நடந்தால் சத்தமே கேட்காதாம். லாடம் வேண்டாம்."

"அப்படியா! தண்ணி எத்தினி குடம் குடிக்கும்?"

மறுபடி ஓடினேன். "தண்ணியே வேண்டாமாம். செவ்வாயிலே தரை பூரா மஞ்சளாப் பாசி மாதிரி ஒண்ணு முளைச்சிருக்காம். அதைத் தின்னால் அதில் இருக்கிற ஈரமே போதுமாம்."

பாய் சிரித்தார். "கொள்ளு வேணாம், தண்ணி வேணாம், லாடம் வேணாம். அப்படி ஒண்ணைப் படைச்ச ஆண்டவன் அதை எனக்குக் குடுக்காம எங்கேயோ கொண்டு வச்சிட்டானே!" என்றார். பிறகு சற்று யோசித்து, "காது எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

காதைப் பற்றி அண்ணா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "காது எதுக்கு பாய்?" என்றேன்.

அன்றைக்குத்தான் பாய் எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார். "குதிரைக்கு வாயிலே கடிவாளம் போட்டுடறோம். அது பேசறது எல்லாம் காதாலேதான் பாப்பா. ரெண்டு காதும் முன்னாலே நிமிர்ந்திருந்தா எதையோ ஆசையாப் பார்க்குதுன்னு அர்த்தம். ஒரு காது மட்டும் பின்னாலே திரும்பியிருந்தா நம்ம பேச்சைக் கேட்குதுன்னு அர்த்தம். ரெண்டு காதும் பின்னாலே படிஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா, அதுக்குக் கோபம் இல்லேன்னா வலி. அப்போ வண்டியை நிறுத்திடணும்."

அதற்கப்புறம் எனக்கு ஜட்காவில் முன்னால் பாய் பக்கத்தில்தான் இடம். கடைத்தெரு போகிறவரைக்கும் குதிரையின் காதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பேசினால் ஒரு காது மெல்லத் திரும்பும்.

★

அந்த வருஷம் வைகாசியில் சுவாமிமலையில் ஒரு கல்யாணம். அப்பா, அம்மா, பாட்டி, அத்தை, அத்தையின் இரண்டு பிள்ளைகள், அண்ணா, நான். மொத்தம் எட்டுப் பேர். அதோடு பட்சணக் கூடை வேறு.

"ரெண்டு வண்டியாப் போனா நல்லது சாமி" என்றார் பாய்.

"குழந்தைகளையெல்லாம் ஆளாகக் கணக்குப் பண்ணாதே. கூட நாலணா தருகிறேன்" என்றார் அப்பா. அப்பா கெட்டவர் அல்ல. மாதச் சம்பளத்தில் ஏழு பேருக்குச் சாப்பாடு போட்டவர். ஜட்காவில் எத்தனை பேர் ஏறலாம் என்பது அந்தக் காலத்தில் வண்டியின் அளவைப் பொறுத்ததல்ல, வீட்டின் அளவைப் பொறுத்தது. "முன்பாரம் அதிகம், பின்னாலே தள்ளி உட்காருங்க" என்று பாய் எங்களை அடுக்கி வைத்தார். தாம் ஏறாமல் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

வழியில் ஒரு வாய்க்கால் பாலம். பாலத்துக்கு ஏறும்போது செங்குத்தாக ஒரு மேடு. நான் வழக்கம்போல முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேட்டில் சக்கரம் ஏறியவுடன் குதிரையின் இரண்டு காதுகளும் பின்னால் சாய்ந்து பிடரியோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

பார்த்தேன், ஆனால் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் எல்லோரையும் இறங்கி நடக்கச் சொல்லுவார்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. என் காலில் செருப்பு இல்லை. புதுப் பட்டுப் பாவாடை புழுதியாகிவிடும். பாலம் வந்துவிட்டால் அப்புறம் இறக்கம்தானே என்று இருந்துவிட்டேன். பக்கத்தில் நடந்து வந்த பாய்க்கும் அது தெரிந்துதான் இருக்கும். அவருக்கும் அந்த நாலணா வேண்டியிருந்தது.

மேட்டின் பாதியில் குதிரைக்கு முன்னங்கால் வழுக்கியது. இரண்டு முழங்காலும் தரையில் மோத, அப்படியே மண்டியிட்டு விழுந்தது. ஏர்க்கால் சாய்ந்து நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம். எங்களுக்குச் சிராய்ப்புகூட இல்லை. குதிரை கத்தவில்லை, கதறவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. முழங்காலில் ரத்தம் வழிய, எழுந்திருக்க இரண்டு தடவை முயன்றது, முடியவில்லை.

பாய் சாட்டையைத் தொடவே இல்லை. "இறங்கிக்குங்க சாமி" என்று மட்டும் சொன்னார். வண்டியை அவிழ்த்துவிட்டுத் தோள் துண்டைக் கிழித்துக் கட்டுப்போட்டார். குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா முழுச் சத்தத்தையும், அந்த நாலணாவையும் சேர்த்தே கொடுத்தார். நாங்கள் மீதி வழியை நடந்தே போனோம். என் பாவாடை புழுதியாயிற்று.

ஊர் திரும்பிய பிறகு வண்டிப்பேட்டைக்குப் போனேன். வண்டி இருந்தது, குதிரை இல்லை. "குதிரை எங்கே பாய்?" என்றேன். "ஊருக்கு அனுப்பிட்டேன் பாப்பா, அங்கே நிறையப் புல்லு இருக்கு" என்றார். வெகு காலம் அதை நம்பிக்கொண்டிருந்தேன். நானே ஒரு தாயாகி, குழந்தைகளிடம் அப்படிப் பதில் சொல்ல வேண்டிய சமயம் வந்தபோதுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

★

அன்று ராத்திரி முழுவதும் நான் அழுதேன். காதைப் பார்த்த விஷயத்தை அண்ணாவிடம் மட்டும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அரிக்கன் விளக்கைத் தூண்டிவிட்டு அந்தக் கிழிந்த புத்தகத்தை எடுத்தார்.

பச்சை மனிதர்களின் தோட்டுகள் மகா மூர்க்கமானவை. கடிவாளம் கிடையாது, சவாரி செய்கிறவன் மனத்தால்தான் அவற்றை ஏவ வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடிப்பார்கள். அன்பு என்பதையே அறியாத ஜனங்கள் அவர்கள். ஜான் கார்ட்டர் மட்டும் தன் தோட்டுகளைத் தட்டிக்கொடுத்து, இதமாகப் பேசிப் பழக்குகிறான். சில நாளில் அவை நாய்க்குட்டி மாதிரி அவன் பின்னால் வர ஆரம்பிக்கின்றன. பச்சை மனிதர்கள் வாயைப் பிளக்கிறார்கள். தங்கள் படைக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

"பார்த்தாயா? அன்பாயிருந்தால் எந்தப் பிராணியும் நம் சொல் கேட்கும்" என்றார் அண்ணா, என்னைத் தேற்றுகிறதாக நினைத்துக்கொண்டு.

"பாய் அன்பாத்தானே இருந்தார்? அடிக்கவே இல்லையே? அப்புறம் ஏன் விழுந்தது?" என்று கேட்டேன்.

அண்ணாவுக்குப் பதில் தெரியவில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாம் எட்டுப் பேர். அதற்கு நாலே கால்" என்றார்.

★

அண்ணா பிற்பாடு வடக்கே உத்தியோகத்துக்குப் போனார். எங்கே இருந்தாலும், வேற்றுலக வாகனம் எதையாவது புத்தகத்திலோ சினிமாவிலோ கண்டால் எனக்குக் கடிதம் எழுதிவிடுவார். எங்கள் இருவருக்கும் மட்டும் புரிகிற ஒரு விளையாட்டாக அது இருந்தது. விளையாட்டுத்தானா என்று இப்போது யோசிக்கிறேன். விழாத ஒரு குதிரையை எனக்குத் தேடிக் கொடுக்க வேண்டும் என்று அவர் ஆயுள் முழுவதும் முயன்றாரோ என்னவோ!

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் எழுதிய 'டியூன்' நாவலில் பாலைவன மக்கள் பிரம்மாண்டமான மணற்புழுவின் மேல் ஏறிப் போகிறார்கள். அதன் உடம்பு வளையம் வளையமாக இருக்கும். கொக்கியால் ஒரு வளையத்தின் விளிம்பைத் தூக்கிப் பிடித்தால், உள்ளே இருக்கும் மென்மையான சதையில் மணல் படக்கூடாதே என்று புழு அந்தப் பக்கத்தை மேலே திருப்பிக்கொள்ளும். கொக்கி இருக்கும் வரையில் மணலுக்குள் மூழ்காது. "கடிவாளத்தின் பெரியப்பா" என்று அண்ணா எழுதியிருந்தார்.

1980-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' இரண்டாவது படத்தில் பனிக் கிரகத்துக்கு இரண்டு காலில் ஓடும் டான்டான் என்ற பிராணி. சிநேகிதனைத் தேடிக் கடுங்குளிரில் ஒருவன் அதை விரட்டிக்கொண்டு போகிறான். பிராணி குளிர் தாங்காமல் செத்து விழுகிறது. அதன் வயிற்றைக் கிழித்து, மயங்கிக் கிடக்கும் சிநேகிதனை அந்தக் கதகதப்பில் வைத்துக் காப்பாற்றுகிறான். எல்லோரும் அந்தச் சாமர்த்தியத்தை மெச்சுவார்கள். எனக்கு மட்டும் சுவாமிமலைப் பாதை நினைவுக்கு வந்தது.

1977-ல் வந்த முதல் படத்தில் பாந்தா என்று சடையும் சுருட்டைக் கொம்புமாக ஒன்று வரும். அது உண்மையில் வேஷம் போட்ட ஒரு பெண் யானை! 2019-ல் வந்த படத்திலோ ஆர்பக் என்ற பிராணிகளாக நிஜக் குதிரைகளே முகமூடியும் ரோமமும் தரித்துக்கொண்டு ஓடின. அண்டவெளி முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் நம் ஊர் லாயத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள், பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவை ஒரு பெண்மணி படைத்தவை. ஆன் மெக்காஃப்ரியின் 'டிராகன்ஃபிளைட்' 1968-ல் வந்தது. பெர்ன் என்ற கிரகத்தில் பறக்கும் டிராகன்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு தானே ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அந்தக் கணம் முதல் இருவருக்கும் மனத்துக்கு மனம் பேச்சு. குஞ்சு தன் பெயரைத் தானே சொல்லும். ஏறுகிறவர் இறந்தால் டிராகனும் உயிரை விட்டுவிடும். ஆசிரியை தாமும் குதிரையேற்றத்தில் பிரியமுள்ளவர். அயர்லாந்தில் குடியேறிக் குதிரைகள் வளர்த்தவர். குதிரையிடம் கேட்க முடியாததையெல்லாம் டிராகனிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

'அவதார்' குதிரையும் இந்த வம்சம்தான். அதன் உணர்கொம்பையும் தன் பின்னல் நுனியையும் சேர்த்துப் பிணைத்துக்கொண்டால், நினைப்பதெல்லாம் அதற்குத் தெரியும். அதன் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் ஏறினவனுக்குத் தெரியும். கதாநாயகன் முதல் முயற்சியிலேயே சேற்றில் விழுகிறான். விழுகிறது மனிதன், குதிரை அல்ல! அதைப் பார்த்து என் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

★

இனி, பேரனுடைய கேள்விக்கு வருகிறேன். ஆறு கால், எட்டுக் கால் பிராணிகளோடு நம் குதிரையை ஒப்பிட்டால் எது உசத்தி?

கால் எண்ணிக்கையில் நம் குதிரை தோற்றுப் போகும். நாலுதான், அதிலும் ஒவ்வொரு காலுக்கும் ஒரே ஒரு விரல். குளம்பு என்பது நம் நடுவிரல் நகம் மாதிரி. நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பை நாலு விரல் நுனியில் தாங்குகிறது. நாலு கால் பாய்ச்சலில் ஒரு கணம் நாலுமே தரையில் இருக்காது. 1878-ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் காமிராக்களை வைத்துப் படம் எடுத்து இதை நிரூபித்தார். கால்களை அகல விரித்திருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் மடக்கிச் சேர்க்கும்போதுதான் அது ஆகாயத்தில் இருக்கிறது. ஓடுவதற்கு எட்டுக் கால் தேவையில்லை என்று அந்தப் படங்களே சொல்லிவிடும்.

தோட் பத்தடி உயரம் இருக்கலாம். செவ்வாயில் பூமியின் ஈர்ப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவுதான். இங்கே வந்தால் அதற்குத் தன் உடம்பே பாரமாயிருக்கும். நம் குதிரையோ இந்தப் பூமிக்கென்றே செய்தது. அதன் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே இயற்கையாகவே ஓர் இடைவெளி. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். நின்றபடியே தூங்கக் காலில் ஒரு பூட்டு. இரண்டு பக்கமும் தள்ளியிருக்கும் கண்களால், நெற்றிக்கு நேர் முன்னும் நேர் பின்னும் தவிர, சுற்றிலும் பார்க்கும். வாயால் மூச்சு விட அதற்குத் தெரியாது, மூக்கால் மட்டும்தான். வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால்தான் வயிற்றுவலி அதற்கு எமன்.

இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் பூர்வீகம் ருஷ்யாவில் வால்கா, டான் நதிகளின் தென்பகுதிப் புல்வெளி என்று 2021-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. சுமார் 4200 வருஷங்களுக்கு முன்பு அங்கேயிருந்துதான் அவை உலகெங்கும் பரவினவாம். முதுகு வலுவும் சாது குணமும் சம்பந்தப்பட்ட மரபணுக்களைத்தான் அங்கே மனிதர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பாருங்கள், அந்தக் காலத்திலேயே முதுகைத்தான் பார்த்திருக்கிறோம்!

ஆனால் ஒரு விஷயத்தில் கற்பனைப் பிராணிகள் எல்லாமே நம் குதிரையைத் தோற்கடித்துவிடுகின்றன. டிராகன் மனத்தோடு பேசும். பண்டோராக் குதிரையின் வலி ஏறினவனுக்குத் தெரியும். நம் குதிரையோ வலியை மறைத்துக்கொள்ளும். காட்டில் புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக வாழ்ந்த ஜாதி அது. நொண்டுகிறோம் என்று காட்டிக்கொண்டால் முதலில் தன்னைத்தான் பிடிக்கும் என்று அதற்குத் தெரியும்.

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். 2014-ல் குதிரையின் முகத்தைப் பார்த்தே அதன் வலியை அளப்பதற்கு ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறை வகுத்து வெளியிட்டார்கள். முகத்தில் ஆறு அடையாளங்கள். கண்ணின் இறுக்கம், மூக்குத் துவாரத்தின் விறைப்பு என்று போகும் அந்த ஆறில் ஒன்று, பின்னால் விறைத்து நிற்கும் காதுகள்.

பாய் பள்ளிக்கூடம் போனவரல்ல. கொள்ளுப் பையைக் கட்டிக்கொண்டே எட்டு வயதுப் பெண்ணுக்கு அவர் சொன்ன விஷயம் அது.

அண்ணா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய புத்தகப் பெட்டி என்னிடம் வந்தது. மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையாகிவிட்டது. அங்கே வாங்கிய அந்தக் கிழிந்த புத்தகம் மட்டும் பெட்டியின் அடியில் பத்திரமாக இருந்தது. எடுத்துப் படித்தேன். கொக்கி, துப்பாக்கிக் கட்டை, அன்பு, பின்னல், மனப்பேச்சு என்று பிராணியை ஏவுவதற்கு எத்தனையோ வழிகள் சொல்லியிருக்கிறார்கள் இந்தக் கதைக்காரர்கள். பாரம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற கதாநாயகன் ஒருவனையாவது நான் பார்த்ததில்லை. என் செவலைக்கும் பேச்சு வராமல் இல்லை. காதால் தெளிவாகத்தான் சொல்லிற்று. கேட்டவளுக்குத்தான் வாய் வரவில்லை.

★

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். பாலத்து மேடு உட்பட, ஒன்றையும் மறைக்கவில்லை. என் பெண்ணும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக்கூட நான் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போனோம். மணலில் சவாரிக்குக் குதிரைகள் நிற்குமே, அதில் ஏற வேண்டும் என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்றாலும் குதிரையைச் சுற்றி வந்து பார்த்தேன். முதுகில் புண் இல்லை. விலா எலும்பு தெரியவில்லை. பையனின் எடையோ இருபத்திரண்டு கிலோ. இரண்டு சுற்றுக்குப் பணம் கொடுத்து ஏற்றிவிட்டேன்.

ஏறினவுடன் அவன் குனிந்து குதிரையிடம் என்னவோ பேசினான். ஒரு காது மெல்லப் பின்னால் திரும்பியது. "பாட்டி, கேட்கிறது! நான் சொல்றதைக் கேட்கிறது!" என்று கத்தினான்.

ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றுக்குத் திரும்பும்போது, "நிறுத்துங்க அண்ணா, நான் இறங்கிக்கறேன்" என்றான். குதிரைக்காரப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு தம்பி" என்றான்.

"வேண்டாம். காது ரெண்டும் சாஞ்சுடுத்து" என்றான் என் பேரன்.

நான் குதிரையைப் பார்த்தேன். கடற்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. காது வலியில் சாய்ந்ததோ காற்றில் சாய்ந்ததோ, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அவனிடம் அதைக் கேட்கவும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் மணலில் நடக்க ஆரம்பித்தான். நானும் கூடவே நடந்தேன்.